நீலக் கொடியின் மடிப்பு

எங்கள் கோயிலில் கொடி பழையதாவதில்லை, புதியதாவதும் இல்லை. கொடி எப்போதும் அதேதான். இப்படி யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் இதை மீறியவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆற்றங்கரை வெயிலும் புழுதியும் சிறுமிகளின் கைவீச்சும் சேர்ந்து சாட்டின் துணியைத் தின்றுவிடும். ஓராண்டு குஞ்சம் உதிரும், ஓராண்டு ரிப்பன்கள் நைந்துபோகும், ஓராண்டு துணியே வெங்காயத்தோல் போலக் கிழியும். அப்போது பீடத்தைக் கவனிக்கும் பீடப் பெண்களில் ஒருத்தி கொடியைச் சுருட்டி எடுத்துப் போவாள். சில நாட்களில் அது பெட்டிக்குத் திரும்பியிருக்கும். அவளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நன்றி சொன்னால் அவள் ஏதோ செய்தாள் என்றாகிவிடும். செய்தாள் என்றால் கொடி மாறியது என்றாகிவிடும்.

மாறியது என்ற சொல் ஒருமுறை வாயைவிட்டு வந்துவிட்டால், பிறகு அந்தக் கொடி பிறந்த குழந்தைதான். அதற்கு ஞானத்தாய் வேண்டும், தீர்த்தம் தெளிக்க வேண்டும். அதன் கீழ் நேர்ந்துகொண்ட சிறுமிகள் எல்லோரும் முதலாம் ஆண்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். மூன்று தவக்காலங்கள் கொடி பிடிப்பதுதான் நேர்த்தி. யாருக்குத்தான் மனம் வரும்?

அதேதான் என்ற சொல்லைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. காரணம், துணி மாறினாலும் ஒன்று மாறாது: கம்பு நுழையும் மடிப்பு. நோயிலிருந்து பிழைத்த சிறுமியைக் கொடிக்கு நேர்ந்துவிடும்போது, அவள் தலைமுடியில் ஒரு சிறு கற்றையை நீல நூலால் முடிச்சிட்டு, அம்மாக்காரி அந்த மடிப்புக்குள் வைத்துத் தைப்பாள். எத்தனை முறை துணி மாற்றினாலும் பழைய மடிப்பை வெட்டியெடுத்துப் புதுத் துணியில் ஒட்டுவார்கள். ஐம்பது வருடத்துச் சிறுமிகள் அந்த ஒரு விரல் அகல மடிப்புக்குள் வரிசையாக இருந்தார்கள். கடைசி முடிச்சு என் மகள் ருஃபினாவுடையது.

ஒன்பது வயதில் அவள் உடம்பெல்லாம் நீர் கோத்து, கண் திறக்க முடியாமல், பதினேழு நாள் ஒப்ரெகோன் நகர மருத்துவமனையில் கிடந்தாள். பதினெட்டாம் நாள் நேர்ந்துகொண்டேன்; அவள் கண் திறந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. இது அவளுடைய மூன்றாவது தவக்காலம். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின குளோரியா சனிக்கிழமையோடு நேர்த்தி முடிகிறது.

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்றே, ஊர்வலம் முடிந்து கொடியைச் சாய்த்துப் பிடித்தபடி அவள் சொன்னாள்:

“அம்மா, இந்த வருஷம் கொடி கனமே இல்லம்மா.”

“வாய மூடுடி. உன் கை பெருசாயிடுச்சு, அதான்.”

பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின காலை, கொடிகளுக்கு இஸ்திரி போட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் என்னிடம் திரும்பி வந்தது.

ருஃபினாவின் முதல் வருடத்தில், பீடத்தருகே நிற்கும்போது ஒரு மெழுகுவத்தி சாய்ந்து கொடியின் கீழ் மூலையில் சொட்டிவிட்டது. சுரண்டி, காகிதம் வைத்துத் தேய்த்தும் போகாத கறை. முன்பக்கம் ஓர் அவரை விதை போல இருக்கும். பின்பக்கம் அந்த விதையின் நிழல் போல இருக்கும். மூன்று வருடமாக என் இஸ்திரிப்பெட்டி அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அன்றும் விதை இருந்த இடத்தில்தான் இருந்தது. துணியைத் திருப்பினேன். நிழல் இல்லை.

பழைய மெழுகு துணிக்குள் இறங்கியிருக்கும். இது மேலே உட்கார்ந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே சொட்டியிருக்கிறார்கள்.

மடிப்பைத் தடவினேன். முடிச்சுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, வரிசையாக, மணி மணியாக. ஒரு கணம் மூச்சு வந்தது. துணிதானே மாறியிருக்கிறது, போகட்டும், அதேதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு கடைசி முடிச்சில் விரலை நிறுத்தினேன். நான் இடது கைக்காரி. என் முடிச்சு இரட்டையாக, எதிர்ப்பக்கம் திரும்பி விழும். இது ஒற்றை முடிச்சு.

வீட்டில் யாரும் இல்லை. பிளேடை எடுத்து ஒரு தையலை அறுத்தேன். உள்ளே நீல நூல் இருந்தது. நூலுக்குள் நரைமுடி இருந்தது.

அடுத்ததை அறுத்தேன். நரை. அதற்கடுத்ததும் நரைதான். பிள்ளைகளின் முடி இருந்த இடத்தில், ஒரே கிழத்தலையின் முடி, சின்னச் சின்னக் கற்றையாக, கவனமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

பிள்ளைகளின் தலைக்கு மேல் பறக்கிற கொடிக்குள் தன் முடியை யார் வைப்பார்கள்? ஆசிகள் எல்லாம் எந்த முடியைத் தேடிப் போகும்? நல்லது செய்கிறவள் ஒளித்துச் செய்யமாட்டாள் என்று அப்போது உறுதியாக நம்பினேன். அறுத்த தையல்களை அதே துளைகளில் தைத்து மூடினேன். இஸ்திரி போட்டேன். அன்று காலை எழுந்தபோது ருஃபினாவின் இமைகள் கொஞ்சம் தடித்திருந்தது நினைவுக்கு வந்தது. தூக்கம் என்று விட்டிருந்தேன்.

கோயில் பந்தலில் பீடப் பெண்கள் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு தலையையும் பார்த்தேன். அன்றுவரை எனக்கு அவை முக்காடுகள்; அன்று அவை நரைகள். பெத்ரோனாவின் நரை சுருட்டை. அவளுடைய அக்காவின் நரை மஞ்சள் பாய்ந்தது. நீளமாய், நேராய், வெள்ளிக்கம்பி போல நரைத்த தலை ஒன்றுதான் இருந்தது. அது என் கொமாத்ரே நிக்கொலாசாவுடையது. ருஃபினாவின் நேர்த்திக்கு ஞானத்தாய் அவள்தான்; அந்த உறவைத்தான் கொமாத்ரே என்போம். கொடிகளைத் தைப்பவளும் அவள்தான். அன்று பந்தலுக்கு வரவில்லை.

“என்னடி, பேன் பாக்கிறவ மாதிரி தலை தலையாப் பாக்கிற?” என்றாள் பெத்ரோனா. “என் தலையில தேடாத. அங்க இருக்கிறதெல்லாம் என் புருஷன் வெச்ச பேனு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “நிக்கொலாசா வரலியா?”

“அவ எங்க வருவா? பேத்தி போனதிலிருந்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம்தான்.” பெத்ரோனா கத்தரிக்கோலை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அடுப்படிக்குப் புதுசாத் தகரம் போட்டிருக்கா, பாத்தியா? சனவரியில ஒரு வெள்ளைக்காரன் வண்டியில வந்தானே, முகமூடி வேணும்னு? அதையெல்லாம் குளோரியா அன்னிக்கு நாங்க எரிச்சுருவோம்னு சொன்னதுக்கு, அப்ப பழைய கொடி ஏதாச்சும் இருக்கான்னு கேட்டானாம்.”

“யார்கிட்ட கேட்டான்?”

“எனக்கென்ன தெரியும்? எங்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா என் பழைய பாவாடையக் குடுத்து அனுப்பியிருப்பேன்.”

மறுபடி சிரிப்பு. எனக்குத் தகரம் மட்டும் காதில் நின்றது.

பெட்டிச் சாவி வழிபாடு நடத்தும் மாயெஸ்த்ரோ கிரெசென்சியோவிடம் இருக்கும். அவர் பந்தல் நிழலில் ஜெபப் புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் படித்துக்கொண்டிருந்தார். தலை முழு வழுக்கை; எனவே சந்தேகப் பட்டியலில் அவர் இல்லை. ஆனால் அவர் கையிலிருந்து சாவி யாரிடம் போனது என்று தெரிந்தாக வேண்டும்.

“மாயெஸ்த்ரோ, பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“என் இடுப்புல இருக்கு. இடுப்பு எங்கிட்டதான் இருக்கு.”

“இந்த வருஷம் யாராவது வாங்கினாங்களா?”

அவர் புத்தகத்தை இறக்கி என்னைப் பார்த்தார். “கேக்கிறவங்களுக்குக் குடுப்பேன், கயெத்தானா. எதுக்குன்னு கேக்கமாட்டேன். நீயும் ஒருதரம் வாங்கியிருக்க. நான் கேட்டேனா?”

“இல்லீங்க.”

“கொடி எப்படி இருக்கு?”

அது கேள்வி அல்ல; கதவைச் சாத்தும் ஒலி. “அதேதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐம்பது வருடமாக எங்களைக் காப்பாற்றிய அந்த ஒரு சொல், திருடிக்கும் இப்படித்தான் கதவு திறந்துவிடும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. கொடியை முழுதாகக் களவாடிப் போய் வேறொன்றை வைத்தாலும், களவு போயிற்று என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை காலை, நூல் வாங்கும் சாக்கில் நிக்கொலாசா வீட்டுக்குப் போனேன். நாணல் வேலிக்குள் நாய் குரைத்தது. அடுப்படி மேல் தகரம் கண்ணைக் கூசியது. அவள் வாசல் மரத்தடியில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடவில்லை.

“வாங்க கொமாத்ரே. உக்காருங்க. காப்பி இருக்கு, சீனிதான் இல்ல.”

“சீனி எதுக்கு, தவக்காலம்தானே.” உட்கார்ந்தேன். “நீல நூல் கொஞ்சம் வேணும்.”

அவள் கை மெஷின் மேசை இழுப்பறைக்குப் போய், அங்கேயே நின்றது. “எந்த நீலம்?”

“முடிச்சுப் போடுற நீலம்.”

நூல் உருண்டையை எடுத்துத் தந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் முக்காட்டைப் பார்த்தேன். காதோரம் முடி வழியவில்லை. முன்பெல்லாம் இடுப்பு வரை பின்னல் தொங்கும். அன்று முக்காட்டின் பின்புறம் தட்டையாக இருந்தது.

“பின்னல் எங்க கொமாத்ரே?”

“வெட்டிட்டேன். துக்கத்துக்கு.”

“வெட்டின முடிய என்ன பண்ணுனீங்க? கண்ட இடத்துல போட்டா யாராச்சும் எடுத்து ஏதாச்சும் பண்ணிருவாங்க.”

“கண்ட இடத்துல போடல” என்றாள். நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“தகரம் நல்லாருக்கு.”

“சம்பந்தக்காரங்க போட்டுக் குடுத்தாங்க. வருஷத் துக்கம் முடிக்கிறப்ப நெறய பேரு வருவாங்கல்ல, சமைக்கணுமே.” பிறகு சட்டென்று, “ருஃபினா எப்படி இருக்கா? முகம் வீங்குதா?” என்று கேட்டாள்.

வீங்குகிறதா என்று ஏன் கேட்கிறாள்? வீக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

“அவளுக்கென்ன, நல்லாருக்கா” என்று எழுந்தேன். “கொடி எப்படி இருக்கு கொமாத்ரே?”

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். “அதேதான்.”

அந்தச் சொல்லை அவ்வளவு மெல்லிய குரலில் நான் கேட்டதில்லை. அன்று மாலை ருஃபினாவைத் தண்ணீர் அதிகம் குடிக்க விடவில்லை. அவள் கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தேன். “அம்மா, நான் என்ன ரொட்டி மாவா?” என்று காலை இழுத்துக்கொண்டாள். குழி விழுந்ததா, என் கண் விழுத்தியதா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை பிற்பகல், கோயில் முன் மைதானத்தில் முகமூடிக்காரர்கள் வந்தார்கள். யூதாஸின் படை அது, சாப்பயேக்கா என்போம். முகமூடிக்குள் ஜெபமாலைச் சிலுவையைப் பல்லில் கடித்திருப்பார்கள், பேசமாட்டார்கள். எதையும் தலைகீழாகச் செய்வார்கள்: இடது கையால் வேலை, பின்பக்கமாக நடை, வேண்டாம் என்றால் வேண்டும். முகமூடிக்குள் யார் என்று எங்களுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்போம். ஒருவன் வலது காலை லேசாக இழுத்து நடந்தான். நிக்கொலாசாவின் மகன் அப்படித்தான் நடப்பான். ஆறு வருடத்துக்கு முன் டிராக்டரில் அடிபட்ட கால். சனவரியில் இறந்த பதினான்கு வயது அமாலியாவின் தகப்பன்.

அவன் ருஃபினாவின் முன் வந்து நின்றான். கொடியின் ஓரத்தை இடது கையால் தூக்கி, முகமூடியின் நீள மூக்கில் வைத்து முகர்ந்தான். உடம்பெல்லாம் உதறினான். பெண்கள் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, கட்டை விரலையும் சுட்டு விரலையும் ஒன்றோடொன்று தேய்த்தான், காசைத் தேய்ப்பது போல. மரவாளால் தன் அம்மா வீடு இருக்கும் திசையைக் காட்டினான். கடைசியாக இரண்டு கைகளையும் மடக்கி ஒரு குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டினான். அதை மட்டும் மெதுவாகச் செய்தான். பிறகு குதித்துக்கொண்டு போய்விட்டான்.

விற்றுவிட்டாள். பெற்ற மகனே காட்டிக் கொடுக்கிறான். தாலாட்டியது என்னைக் கேலி செய்ய: உன் மகளை நீ மடியில் வைத்துப் பொத்திக்கொள், கொடி போயாச்சு. அப்படித்தான் படித்தேன். பிறந்ததிலிருந்து முகமூடிக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் காட்டுவதைத் திருப்பித்தான் படிக்க வேண்டும் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. கோபம் வேண்டியதைத்தான் படிக்கும்.

தவக்காலத்தில் சண்டை போடக்கூடாது. அதனால் இரண்டு நாள் என் கோபத்தை உப்புக்கண்டம் போல உலர்த்தி வைத்திருந்தேன். சனிக்கிழமை வருகிறது. நேர்த்தி முடிக்கும் சிறுமியைப் பீடத்துக்கு முன் நிறுத்தி, மாயெஸ்த்ரோ அவளுடைய ஞானத்தாயிடம் கேட்பார்: இந்தக் கொடிதானா? அவள் கம்பில் கை வைத்து, அதேதான் என்பாள். அதன் பிறகுதான் மணி அடிக்கும். அந்த இடத்தில் நிக்கொலாசா நின்று என் கண் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லப் போகிறாள். ருஃபினாவுக்குச் சற்று முன் நேர்ந்துகொண்ட மற்ற மூன்று சிறுமிகளும் அதே கொடியைத்தான் முறை வைத்துச் சுமக்கிறார்கள். நான் வாய் திறந்தால் அவர்களுடைய வருடங்களும் போகும். திறக்காவிட்டால் ருஃபினாவின் உயிருக்கு ஈடாக நான் கொடுத்த வாக்கு, யாருடைய நரைமுடிக்கோ போய்ச் சேரும்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை ஊர்வலம் கோயிலைச் சுற்றிக் கல்லறைகளுக்கு நடுவே போயிற்று. வெயில் சாயத் தொடங்கிய நேரம். ஒன்பதாம் நிலைக்கு முழங்காலிட்டபோது, எனக்கு எதிரே அமாலியாவின் மேடு இருந்தது. காகிதப் பூக்கள் வெளுத்திருந்தன. மரச்சிலுவையின் கையில் ஒரு துண்டு நீலக் குஞ்சம் கட்டியிருந்தது.

நீலத்தில் எத்தனையோ உண்டு. கடையில் வாங்கிய நீலத்தைச் சாம்பல் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் ஒரே சீராக வெளுக்கும். வருடக்கணக்கில் பெட்டியில் மடிந்து கிடந்து, தவக்காலங்களில் மட்டும் வெயில் கண்ட நீலம் வேறு மாதிரி. மடிப்புப் படுகிற இடத்தில் மட்டும் வெளுத்து, மற்ற இடத்தில் ஆழமாக இருக்கும். இது அந்த நீலம். எங்கள் கொடியின் நீலம்.

ஊர்வலம் நகர்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை. நிக்கொலாசாவும் எழுந்திருக்கவில்லை, மேட்டின் அந்தப் பக்கம் முழங்காலில் இருந்தாள். புதன்கிழமை பார்த்த கைகள் என் கண்ணில் திரும்பி ஆடின. இந்த முறை அவற்றைத் திருப்பிப் படித்தேன். காசில்லை. விற்கவில்லை. தாலாட்டு மட்டும் கேலியில்லை. அந்த ஒன்றை அவன் நேராகச் செய்திருந்தான்.

“கொமாத்ரே” என்றேன். “அமாலியா தலைக்கு என்ன வெச்சு அனுப்புனீங்க?”

“தலகாணி.”

“எந்தத் துணியில?”

அவள் மண்ணைத் தடவினாள். “நீலத்துல.”

பாடகிகளின் குரல் தூரத்துக்குப் போய்விட்டது. அவள் என்னைப் பார்க்காமல் மேட்டிடம் பேசுவது போலப் பேசினாள்.

“மூணு வருஷம் தூக்கினா. உன் மகளுக்கு முன்னாடி. ஒரு நாள் தவறல, முடிச்சா. இருந்தும் மூணு நாள் காய்ச்சல்ல போயிட்டா. கொடி காப்பாத்தல. அப்ப அவ முடிய மட்டும் கொடி ஏன் வெச்சுக்கணும்? அவ முடிய மட்டும் எடுத்துக்கலாம்னுதான் மடிப்பப் பிரிச்சேன். சத்தியமா அவ்வளவுதான். பிரிச்சா, எல்லாம் கறுப்பு. எல்லாம் நீல நூலு. எதை எடுத்தாலும் அவ முடி மாதிரியே இருந்துச்சு. வெளிய சவப்பெட்டிக்கு ஆணி அடிக்க நிக்கிறாங்க. கொடியையே தலகாணியா மடிச்சு எல்லாத்தையும் அவகூடவே வெச்சுட்டேன்.”

“அதுல என் மக இருக்கா.”

“இருக்கா. தெரியும்.”

“தெரிஞ்சே வெச்சீங்க.”

“தெரிஞ்சேதான் வெச்சேன்.”

என் மகள் உயிரோடு ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போகிறாள். அவள் முடி ஒரு செத்த பிள்ளையின் தலைக்கடியில் இருக்கிறது. செத்தவர்கள் துணை கேட்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

“அப்ப அந்த நரை?”

“வெறும் மடிப்ப உன் பிள்ளை கையில குடுக்க மனசு வரல. கெட்டது ஏதாவது தேடி வந்தா மொதல்ல கிழவி முடிய எடுத்துக்கட்டும்னு என்னோடத வெச்சேன்.” அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள். “தினமும் அவ முகத்தத்தான் பாக்கிறேன். வீங்குதான்னு. உங்கிட்ட கேட்டேன்ல.”

“தோண்டணும்” என்றேன்.

“தோண்டு. மண்வெட்டி எங்க வீட்டுல இருக்கு.”

“என் முடிச்சு எனக்குத் தெரியும். இடது கை முடிச்சு.”

“தெரியும்டி. அந்த ஒண்ண மட்டும் எனக்கும் தெரிஞ்சுது. அப்பவே தனியா எடுத்திருக்கலாம்.” அவள் மேட்டில் சாய்ந்திருந்த காகிதப் பூ ஒன்றை நிமிர்த்தினாள். “நான் எடுக்கல. எல்லாரோட பிள்ளையும் இருக்கு, என் பிள்ளை மட்டும் ஏன் தனியாப் போகணும்னு அந்த ஒரு நிமிஷம் தோணிருச்சு.”

நான் என்னென்னவோ சந்தேகப்பட்டிருந்தேன்: களவு, காசு, சூனியம். ஆனால் அவள் ஒத்துக்கொண்ட இதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அடிக்கக் கை வந்தது. அந்த மேட்டுக்கு மேலாகக் கையை நீட்ட முடியவில்லை.

இதற்கு வழி ஒன்றுதான் உண்டு. எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருந்தது. புதிய கொடி என்று சொல்லிவிட்டால் அதன் மடிப்புக்குள் ருஃபினாவின் முடியைப் புதிதாக வைக்கலாம். பழைய கொடி இறந்தது என்றாகும். இறந்ததோடு கட்டிய முடிச்சு அவிழும். ஆனால் சொல்கிறவள் கோயிலின் முன் தன்னைத்தானே அவிழ்க்க வேண்டும். கல்லறைக்குள் கொடியை வைத்தவள் என்ற பெயரோடு, மூன்று தாய்மார்களின் சாபத்தோடு, இந்த ஊரிலேயே சாகும்வரை வாழ வேண்டும். சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கிருந்தது. கேட்கும் வாய் இல்லை.

“நாளைக்கு என் மக கொடி தூக்குவா” என்றேன் எழுந்து. “மாயெஸ்த்ரோ கேப்பாரு. நீங்க பதில் சொல்லுங்க. வழக்கமாச் சொல்றதையே சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருதே.”

அந்தக் குத்தல் எனக்கு இனித்தது. வீடு வரை இனித்தது, வாசலில் கசந்தது.

சனிக்கிழமை நடுப்பகல். கோயில் வாசலில் திரை தொங்கியது. பெண்கள் கூடைகளில் பூவும் ஆலமோ மரத்து இலையும் காகிதத் துணுக்கும் நிறைத்து நின்றார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் முகமூடிக்காரர்கள் அணிவகுத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் அவர்கள் கோயில்மேல் பாய்வார்கள், நாங்கள் பூக்களை வீசி அவர்களைத் தோற்கடிப்போம். முன்வரிசையில் கால் இழுத்து நின்றவனை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

ருஃபினா பீடத்துக்கு முன் வந்தாள். வெள்ளை உடை, தலையில் ரிப்பன் கிரீடம். வெயிலில் முகம் சிவந்திருந்தது. சிவப்பா, வீக்கமா? அருகே மற்ற மூன்று சிறுமிகளும் அவர்களுடைய தாய்மார்களும். நிக்கொலாசா கூட்டத்தை விலக்கி வந்து கம்பில் கை வைத்தாள். முக்காடு இல்லாமல் வந்திருந்தாள். ஒட்ட வெட்டிய அந்த வெள்ளைத் தலையைக் கண்டதும் பெத்ரோனா, “ஐயோ, இது என்னடி கோலம்” என்று வாயைப் பொத்தினாள்.

மாயெஸ்த்ரோ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், நாற்பது வருடமாகக் கேட்ட அதே ராகத்தில்:

“இந்தக் கொடிதானா?”

ருஃபினா திரும்பி ஞானத்தாயைப் பார்த்தாள். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவன் கழுத்தை நீட்டினான்.

“நினா” என்று ஞானத்தாயை மெல்லக் கூப்பிட்டாள் ருஃபினா. “சொல்லுங்க. கை வலிக்குது.”

“கனமாவா இருக்கு கண்ணு?”

“இல்ல.”

“இருக்காது” என்றாள் நிக்கொலாசா. மாயெஸ்த்ரோ புத்தகத்தை மூடினார். “சாவி குடுத்தப்ப எதுக்குன்னு கேக்கமாட்டேன்னு சொன்னேன்ல” என்று அவர் கெஞ்சுவது போல முணுமுணுத்தது முன்னால் நின்ற எங்களுக்குக் கேட்டது. “வழக்கமான ஒரு வார்த்தைதான் நிக்கொலாசா. சொல்லிட்டுப் போ.”

அவள் கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு மைதானத்தின் கோடியில் நின்ற முகமூடியைப் பார்த்தாள். பிறகு கோயில் முழுவதற்கும் கேட்கும்படி, தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவளின் குரலில் சொன்னாள்:

“இல்ல. இது புதுக் கொடி. நான் தைச்சது.”